இடது பக்கத்துப் பட்டை

பலகைங்க தங்கச்சி, பலகை! மெத்தையே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஆறு வாரம் மரப்பலகையில மல்லாந்து கெடக்கணுமாம். ஸ்ரீரங்கத்துக்காரருல்ல எங்க வீட்டுக்காரரு, பெருமாள் மாதிரியே படுத்துக் கெடக்காரு. ஆனா பெருமாளுக்காவது கீழ ஆதிசேஷன் இருக்கான், சுருள் சுருளா, மெத்து மெத்துன்னு. ஸ்பிரிங்குன்னா அது ஸ்பிரிங்கு! இவரும் ஆறு மாசம் ஊரெல்லாம் தேடினாரே... நகந்து உக்காருங்க, வெயில் விழுது. உங்க சீட்டு என்ன நம்பரு? நாப்பத்தி ரெண்டா? இப்பத்தான் இருவதையே கூப்பிட்டிருக்காங்க. பொழுது கெடக்கு. எங்க வீட்டுக்காரரு இந்தா, நமக்குப் பின்னால இருக்குற வார்டுலதான்.

எப்படி அடிபட்டுதுன்னா? காருதான். கைலாசபுரத்துல ஃபேக்டரி ஆளுங்களுக்கு வீடு கட்டுறாங்கல்ல, அதுல இவருக்கு ஒரு கான்டிராக்டு. தெனம் காவேரிப் பாலம் தாண்டி, திருவெறும்பூர் வழியா போகணும். மத்த கான்டிராக்டருங்க எல்லாம் ஜீப்புல போறாங்க. பிச்சமுத்துன்னு ஒருத்தரு, இவரை விடப் பெரிய கையி, அவரு சைக்கிள்ல போறாருங்க! இவருக்கு மட்டும் ரேஸு காரு கேக்குது.

மூணாறு எஸ்டேட்டுத் துரை சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. செக்கச் செவேல்னு இருக்கும். சோழவரத்துல பந்தயம் ஓடினதாம். அதைக் கெளப்பினா எதிர்வீட்டு மாடு பாலை மடியிலயே வெச்சுக்குது. எம்பது மைல் வேகம் போகும்பாரு. போகட்டும், எங்க போறது? முன்னால மாட்டு வண்டி, பின்னால செங்கல் லாரி, நடுவுல பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துலயும் வயிறு தரையில தட்டுது. வண்டி வயித்தச் சொன்னேன், சிரிக்காதீங்க.

பழைய ஸ்பிரிங்கு தொங்கிப் போச்சாம். வண்டிக்கு அடியில வளைஞ்ச இரும்புப் பட்டையா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சிருப்பாங்க பாருங்க, அதுதான். எனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? ஆறு மாசமா எங்க வீட்டுல வேற பேச்சே இல்லையே! சோத்துல கைய வெச்சா பட்டை. படுத்தா பட்டை. மெதுவான பட்டை போட்டா சொகமா இருக்கும், ஆனா வேகத்துல அலையும். கெட்டிப் பட்டை போட்டா வேகத்துல நிக்கும், ஆனா எலும்பு கழண்டுடும். தெனமும் வேலைக்குப் போற வண்டிக்கு ரெண்டும் வேணும். ரெண்டும் ஒண்ணா எங்க கெடைக்கும்? பொண்ணு பாக்குறப்ப கூட இந்த மனுசன் இவ்வளவு யோசிக்கலைங்க. காப்பி குடிச்சாரு, சரின்னாரு, போயிட்டாரு.

மொதல்ல மெட்ராஸ்ல இருந்து ஒண்ணு வந்துது. மெதுவோ மெது. ஞாயித்துக்கெழம என்னைய ஏத்திக்கிட்டு மணப்பாறை வரைக்கும் ஓட்டிப் பாத்தாரு. தூளி மாதிரி ஆடிச்சுங்க. போறதுக்குள்ள ரெண்டு தடவை வாந்தி. அங்க முறுக்கு வாங்கினேன், வாயில வெக்க முடியல. அடுத்தது பாலக்கரை அழகர்சாமி, பழைய இரும்பு விக்கிறவரு, லாரிப் பட்டையை வெட்டிக் குடுத்தாரு. மறுபடி மணப்பாறை. மறுபடி முறுக்கு. மடியிலதாங்க வெச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தப் பிரிச்சா கோலம் போடலாம், அவ்வளவு பொடி! என் பல்லு ரெண்டு இன்னும் ஆடுது. ஒரே ரோடு, ஒரே முறுக்கு, ஒரே நானு. என்னைய என்ன தராசுன்னா நெனச்சாரு?

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், செபஸ்தியான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பாத்துட்டு, இப்ப அரியமங்கலத்துல சொந்தமா பட்டறை வெச்சிருக்காரு. அவரு என்ன பண்ணாரு, மெல்லிசா ஏழு பட்டைய அவரே காய்ச்சி, அடிச்சு, வளைச்சு, அடுக்கிக் குடுத்தாரு. மூணாவது தடவை மணப்பாறை. ஒரு முறுக்கு ஒடையலைங்க! அறுவதுல போறோம், நான் தூங்கிட்டேன். எங்க வீட்டுக்காரரு கண்ணுல தண்ணி. எனக்குத் தாலி கட்டுறப்ப வராத தண்ணி.

அந்த செபஸ்தியானத்தான் இப்ப அடிக்கணும்னு குதிக்கிறாரு. படுத்துக்கிட்டே. திருவெறும்பூர் தாண்டி ஒரு திருப்பம், இடது பக்கமா. எதிர்ல வைக்கோல் வண்டி. இவரு ஒடிச்சிருக்காரு, வண்டி வலது பக்கமா சாஞ்சு... வாய்க்கால்ல போயி விழுந்துடுச்சு. தண்ணி கம்மியா இருந்துது, மாரியாத்தா காப்பாத்தினா. இடுப்பெலும்புல விரிசல். 'அந்தப் பய பட்டைய ஒழுங்கா அடிக்கல, என்னைய சாகடிக்கப் பாத்தான்'னு பாக்க வர்ற ஒவ்வொருத்தருகிட்டயும் சொல்லுறாரு. ரெண்டு கான்டிராக்டருங்க பட்டறையில விட்டிருந்த வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களாம். செபஸ்தியானுக்கு நாலு புள்ளைங்க.

அவரு ஒரு வார்த்தை மறுத்துப் பேசலைங்க. 'என் கை பட்ட வண்டி, என் தப்புதான்'னு சொல்லி அனுப்பினாராம்.

தப்பு... தப்புன்னா...

நீங்க யாரு பெத்த புள்ளையோ, உங்ககிட்ட சொன்னா என்ன. பாக்குறீங்கல்ல, நான் கொஞ்சம் பூசின ஒடம்பு. சின்ன வண்டி அது. நான் ஏறி உக்காந்தா இடது பக்கம் பொசுக்குனு எறங்கும். தெருவுல எல்லாம் வேடிக்கை பாக்கும். பாத்தாப் பாத்துட்டுப் போவட்டும். ஒரு நாளு இவரு, கல்யாண வீட்டு வாசல்ல, அத்தனை பேரு முன்னால, 'பாருங்கய்யா, எம்பொண்டாட்டி ஏறினா காரே கும்பிடு போடுது'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். வேறென்ன பண்றது?

மறுநாளு இவரு சென்ட்ரிங் பலகை பாக்கப் போனப்ப, வண்டி பட்டறையில எண்ணெய் போட நின்னுது. நான் பஸ் ஏறிப் போனேன். இடது பக்கத்துல மட்டும் இன்னொரு பட்டை வையுங்கன்னேன். செபஸ்தியான் கையெடுத்துக் கும்பிட்டாரு. 'வேணாம்மா, ஒரு பக்கம் ஒசந்தா வண்டி நொண்டும். அண்ணன் தனியா வேகமாப் போறப்ப சாச்சுடும்'னாரு. நான் கேட்டேனா? அழுதேன். அவரு ஒரு பட்டையத் தேடி எடுத்தாரு. 'சரிம்மா, இன்னைக்கு சாயங்காலமே அண்ணன்கிட்ட சொல்லிடணும், மெதுவா ஓட்டச் சொல்லணும்'னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு.

சொல்லலைங்க. எப்படிச் சொல்லுறது? என் கனத்துக்குத்தான் பட்டைன்னா? அடுத்த கல்யாண வீட்டுல அதையும் சொல்லிச் சிரிப்பாரே! நாலாம் நாளு வாய்க்கால்ல விழுந்தாரு.

தெரியும் தங்கச்சி, நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு. நானும் மூணு நாளா அதைத்தான் நெனைக்கிறேன். இடுப்பு கூடட்டும், அப்புறம் சொல்லலாம்... கான்டிராக்டு முடியட்டும், அப்புறம்... இப்படியே ஒரு ஆயுசு ஓட்டிடலாம் போலருக்கு.

அய்யோ... அது யாரு, கேட்டுக்கிட்ட? அவருதான். செபஸ்தியான். சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வராரு பாருங்க. பாக்கியமேரி, அந்த வெள்ளச் சேலை. எனக்கு வணக்கம் வேற சொல்லுறாரு, பாவி மனுசன்! உள்ள போறாரு... கேக்குதா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரரு சத்தம்தான். வார்டு முழுக்க அதிருது. அந்தம்மா முன்னாலயே திட்டுறாரே...

இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்குங்க தங்கச்சி. இல்லைங்க, என்னால இங்க உக்காந்திருக்க முடியாது.

ஏங்க! ஏங்க, கத்தாதீங்க! அவரைத் திட்டாதீங்கன்னு சொல்லுறேன்ல... எந்திரிக்காதீங்க, டாக்டரு என்ன சொன்னாரு? படுங்க. படுத்துக்கிட்டே கேளுங்க. அந்த இடது பக்கத்துப் பட்டை... அது அவரா வெச்சது இல்ல. எங்க போறீங்க செபஸ்தியான்? போகாதீங்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் இப்படி எம்பக்கத்துல நில்லுங்க. எனக்குத் தனியாச் சொல்லப் பயமா இருக்கு.