வீ ஒன்னு

– வண்டிய ஓரங்கட்டுங்க மாமா. மலமேல மெட்டுக்கு ஏறிட்டா போன் டவர் போயிரும். சாயங்காலத்துக்குள்ள ஜெர்மனிக்காரங்களுக்கு வர்றேன், வரலன்னு ஒரு பதில் சொல்லணும்.

– மொதல்ல எனக்கு ஒரு பதில் சொல்லு அனு. அந்த ராஜ்கமலும் அங்கதான வர்றான்?

– வர்றாரு. இங்க ஒரே லேப்பு, அங்கயும் ஒரே லேப்பு. வேலைக்குத்தான போறோம்.

– போறோம்! பாரு, வார்த்த எப்பிடி வழுக்கிக்கிட்டு வருதுன்னு. நீ போறன்னு எனக்கு எரியல. அவன்கூட ரெண்டு வருசம்னுதான் எரியுது. நெஞ்சே காந்துது, பாத்துக்க.

– அவர்கிட்ட அப்பிடி என்னத்தக் கண்டீங்க?

– காணல, காதால கேட்டேன். நேத்து மொட்டமாடில நின்னு போன்ல அவன்கூடப் பேசுனியே. "வீய பிளாக் பண்ணிட்டேன் ராஜ்கமல், இப்ப இன்னொருத்தன் வந்து சோடிய ஒட்டி உக்காந்தாலும் கண்டுக்கவே மாட்டேங்குது"ன்னு. ஊருக்கு முன்னால மாமா, ஆளில்லாதப்ப வீ. இந்த வீரபாண்டிய வீன்னு கூப்புடுறது ஒலகத்துலயே நீ ஒருத்திதான். அதுலயும் மாட்டேங்குதாம்! மாட்டேங்குறாருன்னுகூட உன் வாயில வரல.

– அய்யய்யோ... இருங்க, சிரிச்சு முடிச்சுக்கிறேன். அது நீங்க இல்ல மாமா, எலி!

– எலிக்கு எதுக்குடி என் பேரு?

– வீ ஒன்னுன்னு சொன்னேன். நீங்க ஒன்ன விட்டுட்டு வீய மட்டும் புடிச்சுக்கிட்டீங்க. வாசோப்ரெசின்னு மூளையில ஊறுற சுரப்பு ஒன்னு இருக்கு. அது போய் ஒட்டுற எடத்துக்கு ரிசப்டருன்னு பேரு. அதுல பல வகை. வீ ரெண்டு கிட்னியில இருந்துக்கிட்டு ஒடம்புத் தண்ணி வீணாப் போகாமப் பாத்துக்கும். வீ ஒன்னுல ஒரு தினுசு மூளையிலயே இருக்கு. நாங்க வச்சிருக்கிறது ஒரே சோடியோட வாழுற ஒரு சாதி எலி. அதுல ஆண் தன் சோடிகிட்ட அடுத்தவன அண்டவிடாமக் காவல் காக்குதுல்ல, அது இதாலதான்.

– எல்லாத்துலயும் ஒரே சுரப்புத்தான் ஒட்டுதுன்னா, எது எந்தச் சோலி பாக்குதுன்னு எப்பிடிப் பிரிச்சுச் சொல்லுவ?

– பின்னால தோட்டத்துக்கு ஆளேத்திப் போற லேபர் ஜீப்பு ஹாரன் அடிக்குறான், வழி விடுங்க... ம். நம்ம ஏலக்காத் தோட்டத்துல தண்ணி மோட்டார் ஒன்னு, வால்வு மூணு. எது எந்தச் சரிவுக்குப் போகுதுன்னு எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?

– ஒவ்வொன்னா மூடிட்டு எந்தப் பக்கம் காயுதுன்னு பாத்தேன்.

– அதேதான். வீ ஒன்னுல மட்டும் போய் உக்காந்து அடைக்குற மருந்து இருக்கு. வீ ரெண்டத் தொடாது. அதப் போட்டோம். எலி ஒன்னுக்குப் போறதுல ஒரு மாத்தமும் இல்ல. காவல் மட்டும் நின்னுபோச்சு. அப்பக் காவல் யாரு சோலி?

– வீ ஒன்னோட சோலி... அனு, அந்த மருந்துல எனக்கும் ஒரு ஊசி போட்டு விடேன். வெளையாட்டுக்குச் சொல்லல. அவன் பேரு உன் போன்ல வந்தாலே எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

– போட மாட்டேன்.

– ஏன்?

– மருந்து போட்ட எலி அடுத்தவனக் கண்டுக்காம விட்டதோட நிக்கல மாமா. சோடிய எடுத்து வேற கூண்டுல விட்டா, அதத் தேடியும் போகல. பொறாமயும் பாசமும் ஒரே வால்வுல ஓடுது. அது ரெண்டையும் பிரிக்க முடியுமான்னு பாக்கத்தான் அங்க போகணும்ங்கிறேன்.

– அப்ப எனக்கு ஊசி வேணாம். எரிஞ்சா எரியட்டும், உன்னையத் தேடுவேன்ல. வர்றேன்னு சொல்லிரு.

– நெசமாவா?

– அனுப்பு ஆத்தா, வெரசா. நான் மனசு மாறுறதுக்குள்ள.

– அனுப்பிட்டேன்.

– ஒன்னே ஒன்னு கேக்கணும். பொட்ட எலிக்கு இந்தப் பொறாமையெல்லாம் கெடையாதா? நான் இந்த வேக்காடு வேகுறேன். நீ என்மேல ஒருநாளாவது மொகஞ்சுளிச்சு நான் பாக்கலயே.

– பொட்டையும் கடிக்கும் வீ. நான் கடிக்கல, அம்புட்டுத்தான். ஏலக்காக் கம்பெனி முத்துப்பிரியாவ இதே முன்சீட்டுல உக்காரவச்சுச் சிரிச்சுக்கிட்டே மலையெறங்குனீங்களே, அன்னைக்குத்தான் நான் ஜெர்மனிக்கு எழுதிப் போட்டேன்.