நல்லா இருக்கியா என்ற கேள்வி

குமுளியிலிருந்து ஏலப்பாறை போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் நடுவயதுக் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில் புது வைஃபை ரூட்டர் பெட்டி.

“வேகமும் வேண்டாம், தூரமும் வேண்டாம்னு கடையில சொன்னீங்க. பெறகு எதுக்கு இத வாங்குனீங்க?” என்றார் மனைவி.

“வேகம் பழசுலயே இருக்கு. நம்ம எஸ்டேட் லயத்து வீடு ரெண்டே ரூம்பு, அதுக்கு எதுக்குத் தூரம்? இதுல லேட்டன்சி கம்மி.”

“அப்படின்னா?”

“நாம பேசுறது துபாய்க்குப் போயி, நம்ம பய பேசுறது இங்க வர்ற நேரம். பழசுல அது இழுக்குது.”

அந்த அம்மா வெளியே தேயிலைச் சரிவைப் பார்த்தார்.

“நேத்து அவன்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டேன். ஒடனே சாப்பிட்டேன்னான். நல்லா இருக்கியான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பதில் வந்துச்சு. ரெண்டுக்கும் ஒரே ரூட்டர்தானங்க?”

அவர் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

“எனக்கும் வெளங்கல. இத மாட்டிட்டு இன்னொரு தடவ கேட்டுப் பாரு.”

“அப்பவும் இழுத்தான்னா?”

“கெளம்பி வரச் சொல்லு.”