சத்தம் வராத பெட்டி

மேடம், முதலில் ஒரு சின்ன விஷயம். நீங்கள் என்னை டைப் அடிக்கச் சொன்ன இந்தக் கம்ப்யூட்டரின் உள் ஃபேனில் தூசு அடைத்துக் கிடக்கிறது. அதனால்தான் இந்த இரைச்சல். பக்கத்து மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் நாலு தட்டுத் தட்டினால் பாதி குறைந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நானே செய்து தருவேன். வாக்குமூலம் கொடுக்க வந்தவன் ஸ்க்ரூடிரைவர் கேட்கிறானே என்று ஏட்டையா சிரிக்கிறார். சிரிக்கட்டும். என்னைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்கே வரும்.

நான் பிரவீன்குமார், வடக்கனந்தல். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அது பிழைப்பு. உயிர் வேறு இடத்தில் இருந்தது. வீட்டில் ஒரு சர்வர் வைத்திருந்தேன். சர்வர் என்றால், அணைக்காமல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர், அவ்வளவுதான். அதில் என்ன இருந்தது என்று என் அக்கா உங்களை என்னிடம் கேட்கச் சொல்லியிருப்பாள். நான் எப்போதும் பார்க்காத படங்கள் இருந்தன. அவற்றின் நகல் இருந்தது. நகல் அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று நகலின் நகலும் இருந்தது. தேசத்துக்கே தேவைப்படும் தகவல் மாதிரி அதைக் காத்து வந்தேன்.

அது அப்பாவின் அறையில் இருந்தது. வீட்டில் வெயில் இறங்காத அறை அது ஒன்றுதான், இன்வெர்ட்டர் லைனும் அங்கேதான் வருகிறது. அப்பாவின் மிஷினும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருந்தது.

அப்பா வீரமுத்து பல வருஷம் வெல்லக் கொட்டகையில் அடுப்பின் முன்னால் நின்றவர். கரும்புச் சக்கை எரிந்த புகையெல்லாம் நுரையீரலில் தங்கிவிட்டது. சுபஸ்ரீ அக்கா வெள்ளிமலையில் டீச்சர். அவள்தான் அலைந்து திரிந்து அந்த ஆக்சிஜன் மிஷினை வாங்கி வைத்தாள். அறையில் இருக்கும் காற்றை உறிஞ்சி, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். மிச்சத்தைப் பின்பக்கம் தள்ளிவிடும். மாட்டிவிட வந்த அஜித் என்ற பையன் போகும்போது சொன்னான்: "அண்ணா, இத்த செவுத்தோட ஒட்டி வெக்காதீங்க, துணி கிணி போட்டு மூடாதீங்க. இதுவும் மூச்சு வுட்ற சாமான்தான்." நல்ல உவமை என்று நினைத்தேன். எனக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி, மேடம். அதனால் மறந்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

அப்பாவுக்கு இரண்டு மிஷினும் தமாஷ்தான். "எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. ரெண்டும் கொறட்ட வுட்டுக்கினு கெடக்குது. எது எவனுதுன்னே தெரியல" என்பார். பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். மூச்சில் ஒரு மெல்லிய விசில் வரும்.

சர்வருக்கு நான் செய்த பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீங்கள் கேட்கவில்லைதான். பிளைவுட் பெட்டி. உள்ளே தேங்காய் நார் மெத்தையை வெட்டி ஒட்டினேன். ஹார்டு டிஸ்க்குகளை சைக்கிள் டியூபில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டேன், அதிர்வு பலகைக்குப் போகக் கூடாது என்று. காற்று நேராக வந்தால் சத்தமும் நேராக வெளியே போகும். அதனால் உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் தடுப்பு வைத்து வளைத்து வளைத்து விட்டேன். வளைவில் சத்தம் செத்துவிடும், காற்று தப்பித்துவிடும். ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன். புகை கீழே நுழைந்து, மேலே ஒரு நூல் மாதிரி வெளியே வந்தது. அப்பா இருமினார். "கொஞ்சம் அடக்கிக்கோப்பா, பொக ஆடுது" என்றேன். அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆன்லைனில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. எல்லாரும் இதே பைத்தியம். வருஷம் ஒரு போட்டி நடக்கும். ஓடுகிற சர்வரை வீடியோ எடுக்க வேண்டும், பக்கத்தில் சத்தத்தை எண்ணாகக் காட்டும் மீட்டர் இருக்க வேண்டும். பரிசு ஒன்றும் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆந்தைப் படம் போடுவார்கள். அந்த ஆந்தைக்காகத்தான் இதெல்லாம். எழுதிப் பார்க்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதல் வீடியோவைப் போட்டதும் ஜெயப்பிரகாஷ் என்று ஒருத்தன், போன வருஷ ஆந்தை அவனுடையது, எழுதினான்: "தம்பி, இது சர்வரா, மாவு மிஷினா? இன்னா அரைச்சிக்கினு கீற, ராகியா?" அது என் சர்வர் இல்லை, அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் என்று விளக்கினேன். "தோத்தா அப்பன் மேல போட்றதா?" என்றான். நிறைய பேர் சிரித்தார்கள். என் பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை, மேடம். அதை யாரும் நம்பவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சர்வரை வேறு அறைக்கு மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். மாற்றியிருக்கலாம். வேறு அறைகளில் வெயில் இறங்கும், சர்வர் சூடாகும். அதன் ஆயுள் குறையும்.

ஆகவே அப்பாவின் மிஷினுக்கும் ஒரு பெட்டி செய்தேன். அதே பிளைவுட், அதே நார். குழாய்க்கு மட்டும் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் வைத்தேன். பலகை போதவில்லை. அதனால் காற்று வரும் வழியும் போகும் வழியும் அடுத்தடுத்து வந்துவிட்டன. ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன். புகை வெளியே வந்து, அப்படியே வளைந்து, மறுபடி உள்ளே போனது. திரும்பத் திரும்ப. பார்க்க அழகாக இருந்தது. உள்ளே தெர்மாமீட்டர் வைத்தேன், சூடு கட்டுக்குள் இருந்தது. அதற்கு மேல் நான் அளக்கவில்லை.

அம்மா பெரியநாயகி பார்த்துவிட்டு, "இன்னாடா மிஷின பொட்டியில போட்டுட்ட? காத்து போவுமா?" என்றாள். அளந்துவிட்டேன் என்றேன். நான் அளந்துவிட்டேன் என்றால் எங்கள் வீட்டில் மேலே கேட்கமாட்டார்கள். காலேஜ் படித்தவன். அக்கா போனில், "சத்தமே கேக்கலியே, மிஷின் ஓடுதாடா?" என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அப்போது மலையில் சிக்னல் போய்விட்டது.

பிறகு அந்த மிஷின் பீப் அடிக்க ஆரம்பித்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. குழாயில் போகும் காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் அந்த விளக்கு எரியும். தெரியும், மேடம். திறந்து வைத்ததும் விளக்கு அணைந்தது. மூடியதும் எரிந்தது. அதுவும் தெரியும். அந்த பீப் ரொம்பக் கூர்மையான சத்தம், நார் அதைத் தடுக்காது. அதனால் ஸ்பீக்கர் துளையில் இலவம்பஞ்சு அடைத்து, மேலே டேப் ஒட்டினேன். வேலை சுத்தமாக வந்தது.

அப்பாவுக்குக் குரல் எடுபடாது. ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். அந்த ஓசை பட்டதும் மீட்டரில் எண் எகிறும். ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கி வந்து கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தட்னா சத்தம் வராதேடா."

"சத்தம் எதுக்குப்பா? நான் இங்கதான கீறேன்."

"ஆமா, நீ கீற" என்றார். கிண்டலா, நிம்மதியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது அவர் மூச்சில் வரும் விசில் ஒன்றுதான். அதற்குப் பெட்டி செய்ய முடியாது என்று குழுவில் ஜோக் எழுதினேன். ஜெயப்பிரகாஷே சிரித்தான். அப்பாவின் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை, மேடம். கோபம் இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன்.

அன்று அம்மா திருக்கோவிலூருக்கு ஒரு கருமாதிக்குப் போயிருந்தாள். "அப்பாவ பாத்துக்கோ, கம்ப்யூட்டரயே பாத்துக்கினு குந்தாத" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். உச்சி வெயில். வயல் மோட்டார்களுக்குக் கரண்ட் இல்லாத நேரம். தெருவில் ஆள் இல்லை. இதைவிட நல்ல நேரம் அமையாது. கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன். கேமராவை ஓடவிட்டு, கட்டிலுக்கு முதுகு காட்டி மீட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். கை நீட்டினால் கட்டில் கால் தட்டுப்படும்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் தப், தப் என்று கேட்டது. பிளாஸ்டிக் டம்ளர். எடிட் செய்யும்போது எடுத்துவிடலாம் என்று விட்டுவிட்டேன். மறுபடி தட்டினார், இந்தத் தடவை வேகமாக. நான் திரும்பாமல் கையை மட்டும் தூக்கி, இரு என்று காட்டினேன். அது வீடியோவில் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். டம்ளர் தரையில் விழுந்தது. அதற்கும் பெரிய சத்தம் இல்லை.

பிறகு விசில் மட்டும் இருந்தது. மீட்டரில் எண் ஒரு இடத்தில் நின்றது. அது எனக்குப் பழக்கமான எண், அதற்குக் கீழே அந்த அறை ஒருநாளும் போனதில்லை. அன்று போனது. கொஞ்சம் இறங்கியது, அப்புறம் இன்னும் கொஞ்சம். அவ்வளவு குறைந்த எண்ணை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. நார் நன்றாகப் படிந்துவிட்டது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முட்டாள் இல்லை நான். ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் பெட்டியும் நடுவில் திடீரென்று அமைதியாகாது. அறையில் குறைவதற்கு மிச்சம் இருந்த சத்தம் எது என்று எனக்குத் தெரியும்.

ரெக்கார்டிங் முடியும்வரை திரும்பவில்லை. முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து, டம்ளர் தட்டிய இடங்களை வெட்டிவிட்டுக் குழுவில் ஏற்றினேன். உங்களிடம் இருப்பது வெட்டாத வீடியோ. அக்கா மலையிலிருந்து இறங்கி வந்ததும், பெட்டியைத் திறந்து பஞ்சைப் பிய்த்து எடுத்ததும், நீங்கள் வந்ததும் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஜெயப்பிரகாஷ் உடனே பார்த்துவிட்டான். "யப்பா சாமி, ஒரு சத்தமும் இல்ல. தம்பி, ஆந்த ஒனக்குத்தான்" என்று போட்டிருந்தான்.

அதற்கு ஒரு ஹார்ட் போட்டுவிட்டுத்தான், மேடம், நான் எழுந்து அப்பாவின் பக்கம் திரும்பினேன்.