மாமனார் பெயரில் ஒரு கெளுத்தி

கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு தோழிகள். ஒருத்தி கெளுத்தி மீன்களை வகைப்படுத்தும் ஆராய்ச்சி மாணவி என்பது போகப்போகத்தான் புரிந்தது.

“எங்க சாரோட மாமனாரை இன்னைக்குக் காலி பண்ணப் போறேன்,” என்றாள் அவள்.

“அய்யோ! அவரு இப்பவும் உயிரோட இருக்காரா?”

“ஆளு இல்லடி, மீனு. புது இனம்னு சொல்லி ஒரு கெளுத்திக்கு சார் மாமனார் பேரை வச்சாரு அல்லே? டிஎன்ஏ பார்த்தா அது புதுசே இல்ல. பண்டே வேற யாரோ பேரு வச்ச அதே கெளுத்திதான். அந்தப் பழைய பேருதான் நிக்கும்.”

“மீசை ரொம்ப நீளம்னு சொன்னியே?”

“மீசை நீளமா இருந்தா வேற இனமாயிடுமா? உங்க அண்ணனும் அப்பாவும் ஒரே மாதிரியா மீசை வச்சிருக்காங்க?”

“மிண்டாம, வாயைத் திறக்காம இருந்திடேன். உன் பட்டம் அவரு கையிலல்லே இருக்கு?”

“பின்னே, தெரிஞ்சே பொய் எழுதச் சொல்றியா?”

அவளே சாருக்குப் போன் போட்டாள். விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு உள்ளூர் என்ற நிறுத்தம் வரும்வரை அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“என்னடி சொன்னாரு?”

“‘தப்புன்னா தப்புன்னே எழுது. ஆனா என் வீட்டுக்காரிகிட்ட நீயே வந்து சொல்லணும்’ங்கறாரு.”