குடைக்கு அழுத வகுப்பு

பேருந்தில் குடையை மறந்துவிட்டு இறங்குவது யாருக்கும் நடப்பதுதான், மேடம். இந்த ஆண்டு ஆங்கிலத் தேர்வில் வந்த கவிதையும் அதைப் பற்றியதுதான். ஒருவர் குடையைத் தொலைக்கிறார். அதைத் தேடி மறுபடியும் பேருந்தில் ஏறுகிறார், இந்த முறை தொப்பியைத் தொலைக்கிறார். கடைசி வரியில் அவர் கையில் மிஞ்சுவது பயணச்சீட்டு மட்டும். படித்தால் யாருக்கும் சிரிப்பு வரும். என் வகுப்பு அழுதது. மொத்த வகுப்பும், ஒரே ஒரு அத்தைக்காக.

அந்த அத்தையைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் விடைத்தாளைத் திருத்தியவர் நெகிழ்ந்துபோய் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டாராம். நல்ல மனிதர். அடுத்த தாளிலும் அதே அத்தை குடையில்லாமல் நனைந்து, காய்ச்சலில் படுத்து, பாதி குடித்த டீயை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அதற்கடுத்த தாளிலும் டீ பாதியில் நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் தேர்வுத் துறை அலுவலகத்தில் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நான் ஆங்கில ஆசிரியன். புத்தகத்தில் இல்லாத கவிதை ஒன்றைத் தேர்வில் கொடுத்து, அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். பிள்ளைகள் கவிதையைப் பார்ப்பார்கள், கவிதை பிள்ளைகளைப் பார்க்கும், மணி அடித்துவிடும். இந்தக் கண்ணாமூச்சியைச் சகிக்க முடியாமல்தான் கட்டுரையை ஒரு வீடு மாதிரி கட்டச் சொல்லிக்கொடுத்தேன். வாசலில் நின்று, கவிதை என்ன சொல்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல். கூடத்தில் அதற்குச் சாட்சியாகக் கவிதையின் வரிகளை உட்கார வை. அடுக்களையில் மூடியைத் திறந்து, சொற்களை எப்படிச் சமைத்திருக்கிறார்கள் என்று காட்டு. அடுத்தது படுக்கையறை: கவிதை உன்னை என்ன செய்தது? பிறகு கொல்லைப்புறமாக வெளியேறிவிடு. போகும்போது கதவைச் சாத்து.

பிள்ளைகள் எனக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் ஆசிரியர்களுக்கு முதுகில்தான் காது.

வாசல், கூடம், அடுக்களை எல்லாம் மளமளவென்று எழும்பின. படுக்கையறையில் வேலை நின்றுபோனது. ஒருவன் எழுந்து, "சார், எனக்கு என்ன தோணுதுன்னு நீங்களே சொல்லிடுங்க சார்" என்றான். கேலியில்லை, நிஜமாகவே கேட்டான். பசி என்று வருபவனிடம் சமையல் கற்றுக்கொண்டு வா என்று சொல்லும் கல்நெஞ்சம் எனக்கு இல்லை. ஓர் அத்தையைக் கொடுத்தேன். பாசமான அத்தை, செத்துப்போன அத்தை, பாதி குடித்த டீ. சோகத்துக்கு எப்போதும் மதிப்பெண் உண்டு என்பது என் அனுபவம்.

சாவின் காரணத்தை மட்டும் கவிதைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும். ஆறு வந்தால் அத்தை மூழ்குவார். மழை வந்தால் காய்ச்சல். போர் வந்தால் அத்தை ஒரு நர்ஸ். நிலாவைப் பற்றிய கவிதைக்கு மட்டும் சிரமப்பட்டோம். கடைசியில் மொட்டைமாடியிலிருந்து தவறி விழவைத்தோம். அன்று வகுப்பே கைதட்டியது.

அத்தையை நான் கற்பனையாக உண்டாக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு திறமை கிடையாது. அவர் என் அக்கா. உயிரோடுதான் இருக்கிறார். வாரத்தில் ஒருநாளாவது நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த குடையை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வருவார். அப்போதுதான் அவரை ஆற்றில் மூழ்கடித்துவிட்டு வகுப்பிலிருந்து வெளியே வரும் பிள்ளைகள், "வணக்கம் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். "உன் பிள்ளைங்களுக்கு என்மேல என்னடா இவ்ளோ பாசம்?" என்று அக்கா பூரித்துப்போவார். நானும் பூரிப்பேன்.

செய்தி வெளியே வந்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சாகடிச்சதுதான் சாகடிச்ச. டீயையாவது முழுசா குடிக்க விட்டிருக்கலாம்லடா?"

அக்கா மன்னித்துவிட்டார். அவர் என் பாவக் கணக்கில் வரமாட்டார். கணக்கில் வருவது வேறு.

தையற்காரர் மகள் என்று ஒரு பெண் என் வகுப்பில் இருக்கிறாள். விசாரணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் ஒரு கிழவரைப் பற்றிய கவிதையைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தேன். படுக்கையறைக்கு வந்தபோது இவள் அத்தையைக் கூப்பிடவில்லை. தன் அப்பாவுக்கு இப்போதெல்லாம் ஊசியின் காது தெரிவதில்லை என்று எழுதியிருந்தாள். அவள்தான் நூல் கோர்த்துக் கொடுக்கிறாளாம். யாராவது துணி கொடுக்க வந்தால், தானே கோர்த்ததுபோல் அவர் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாராம். இவளும் ஒன்றும் தெரியாததுபோல் தெருவைப் பார்ப்பாளாம். ஆங்கிலம் அங்கங்கே நொண்டியது. ஆனாலும் நான் இரண்டு முறை படித்தேன்.

பிறகு சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் எழுதினேன்: "அருமை. ஆனால் சாவு இல்லை. அத்தையைப் போடவும்."

சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். தேர்வில் போட்டுவிட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாத் தாளிலும் ஒரே சாவு என்று உங்கள் அலுவலகத்திலிருந்து தகவல் வந்ததும், தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, எப்படி நடந்தது என்று கேட்டார். "பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கலாம்" என்றேன். அதில் பொய்யே இல்லை, மேடம். இருக்கலாம் என்றுதானே சொன்னேன். இந்த உலகத்தில் என்னதான் இருக்கக்கூடாது? அந்த 'இருக்கலாம்' உங்கள் மேசைக்கு வருவதற்குள் 'எழுதினார்கள்' ஆகிவிட்டது. காப்பியடித்த வகுப்பு என்று மொத்தப் பேருக்கும் தேர்வு ரத்து, அடுத்த ஆண்டும் எழுத முடியாது என்றார்கள். இத்தனை நாளும் அதைத் திருத்தாமல் வைத்திருந்தேன். பிழை திருத்துவதுதான் என் தொழில் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்து எழுதினார்கள். அவர்களுக்கு மறுதேர்வு கொடுங்கள். என் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இதைக்கூட வீட்டில் ஐந்து பத்தியாக எழுதிப் பார்த்தேன். படுக்கையறைக்கு வந்ததும் அத்தை தானாக வந்து படுத்துக்கொண்டார். கிழித்துப் போட்டுவிட்டு வாயால் சொல்ல வந்தேன்.

உள்ளே வருவதற்கு முன் அந்தப் பெண்ணின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

"ஹால்ல அந்தக் குடைக் கவிதையைப் படிச்சப்போ உனக்கு என்னம்மா தோணுச்சு?"

"சிரிப்பு வந்துச்சு சார். தொப்பியும் போன இடத்துல சத்தமாவே சிரிச்சிட்டேன். மேற்பார்வைக்கு வந்த சார் முறைச்சாரு."

"அப்புறம் ஏம்மா?"

"படுக்கையறை வந்துருச்சு சார்."

அத்தோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் கட்டியவனுக்குத் தன் கட்டடத்தின்மேல் ஓர் ஆசை இருக்கத்தானே செய்யும். அதனால் கேட்டேன். "வீடு நல்ல வீடுதானேம்மா? அத்தையை மட்டும் எடுத்துட்டா போதும், இல்ல?"

மரியாதையான பெண், எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள்.

"அந்த ரூம்ல நான் எங்கப்பாவை உக்கார வெச்சிருந்தேன் சார். நீங்கதான் அவரை எழுப்பி வெளிய அனுப்பிட்டு, உயிரோட இருக்கற உங்க அக்காவைச் சாகடிச்சுப் படுக்க வெச்சீங்க."