எட்டுப் பாதை

— டார்ச்சை ஆட்டாதடி. கார்டு சொருகற ஸ்லாட்டே தெரியல.

— ஆட்டல அண்ணி... நீங்க சீக்கிரம் மாட்டுங்க.

— என்ன இன்னைக்கு அண்ணி, நீங்க, வாங்கன்னு மரியாதை பொங்குது? எப்பவும் என்னைக் கூப்பிடற ‘ஸ்பேனர்’ங்கற பட்டப்பேரு எங்க போச்சு?

— ஆஸ்பத்திரியில வேலை நேரத்துல அப்படிக் கூப்பிட முடியுமா? மேல ஆபரேஷன் தியேட்டர்ல ஆள் படுத்திருக்கார். தலையில அடி. ஸ்கேன் எடுத்ததே நான்தான். படம் திரைக்கு வராம டாக்டர் கத்தியைத் தொட மாட்டேங்கறார்.

— படம் பத்திரமா இந்தச் சர்வருக்குள்ளதான் இருக்கு. அதை மேல அனுப்பற கார்டுதான் செத்துப்போச்சு. பவர் வயர் ரெண்டையும் பிடுங்கினியா?

— பிடுங்கிட்டேன்.

— புதுக் கார்டைக் குடு... இரு, முதல்ல இந்த இரும்புச் சட்டத்தைத் தொடு. நம்ம உடம்புல இருக்கற மின்சாரம் சின்னதா ஒரு பொறி விட்டாலும் கார்டு காலி. ம், ஓரத்தை மட்டும் பிடி. அடியில பல்லு மாதிரி இருக்கற தங்க முனையில விரல் படக் கூடாது.

— இப்ப இந்தப் பாடம் அவசியமா?

— வாய் ஓடினாத்தான் எனக்குக் கை ஓடும். ஆச்சு, ஸ்க்ரூவும் போட்டாச்சு. பவர் குடு.

— ஏன் ஒண்ணுமே வரல?

— பெரிய சர்வர். எழுந்ததும் தன் உடம்பை ஒவ்வொரு உறுப்பா தொட்டுப் பார்த்துக்கும். அதுக்கப்புறம்தான் பேசும்.

— அண்ணி... அண்ணனுக்கு ஃபோன் எதுவும் பண்ணிடாதீங்க. மீட்டிங்ல இருக்கான்.

— நான் கேக்கவே இல்லையே.

— இல்ல... சும்மா சொன்னேன். அதோ, பச்சை விளக்கு. வந்துடுச்சு.

— விளக்கு எரிஞ்சா போதாது. கார்டுக்கும் அதைச் சொருகியிருக்கற சர்வர் பலகைக்கும் நடுவுல தகவல் போக எட்டுப் பாதை இருக்கணும். இங்க பாரு, நாலுதான் காட்டுது.

— படம் போகுமா, போகாதா?

— போகும். மெதுவா.

— அப்ப விட்டுடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்.

— மாட்டேன். நாலுன்னா கார்டு சரியா உட்காரலன்னு அர்த்தம். தப்பு என்னோடதுதான். அழுத்தி உட்கார வைக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரூவை முறுக்கிட்டேன், மறு ஓரம் தூக்கிக்கிச்சு. ஃபேன் அதிர்ற அதிர்வுல எப்ப வேணா கழண்டுக்கும். டாக்டர் தலையைத் திறந்து வெச்சிருக்கறப்ப திரை இருட்டாச்சுன்னா?

— மறுபடி அணைச்சா, மறுபடி அது எழுந்து... அவ்வளவு நேரம் தாங்காது. யாருன்னு தெரியாம பேசறீங்க.

— என்ன?

— அவசரம் தெரியாமன்னு சொன்னேன்.

— யாரா இருந்தாலும் எனக்கு இதான் வழி. பிடுங்கு வயரை. டார்ச் இங்க... இன்னும் கீழ. கேட்டியா, டக்குன்னு ஒரு சத்தம்? இப்பதான் உட்கார்ந்தது. ஸ்க்ரூ. பவர்.

— எழுந்துடு... எழுந்துடு...

— அதை விரட்டாத, அது தன் வேலையைப் பார்க்கட்டும்.

— விரட்டல அண்ணி.

— ...எட்டு. எட்டுப் பாதையும் இருக்கு. மேல கேளு.

— ஹலோ சிஸ்டர்... தெரியுதா? எல்லாப் படமும்? ...தெரியுதாம் அண்ணி. டாக்டர் ஆரம்பிச்சுட்டாராம்.

— சரி. டார்ச்சைக் கீழ வை.

— அண்ணி, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். உங்க கை நடுங்கிடுமேன்னுதான்... மேல படுத்திருக்கறது...

— உங்கண்ணன். தெரியும். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து என்னை ஒரு தடவைகூட அண்ணின்னு கூப்பிட்டவ இல்ல நீ. வாசல்ல என்னைப் பார்த்ததும் அப்படிக் கூப்பிட்டியே, அப்பவே ஏதோ சரியில்லன்னு தோணுச்சு. அண்ணனுக்கு ஃபோன் பண்ணாதீங்கன்னதும் புரிஞ்சுபோச்சு. புரிஞ்சதை நான் காட்டினா நீ டார்ச்சைப் போட்டுட்டு அழுவ, அப்புறம் நானும் அழுவேன். வா, மேல போகலாம்... கையைப் பிடிச்சுக்கோடி, இப்பதான் எனக்கு நடுங்குது.