ஆர்விட்டின் காருக்கு மிதித்தது

உட்காருங்கள், காப்பி இப்போதுதான் இறக்கினேன். எதிர்வீட்டு விஷயம் என்றால் இந்தத் தெருவே என்னிடம்தான் வரும். போலீஸ் வருவதில் என்ன அதிசயம்.

ஆர்விட்டும் அவர் மனைவி லொரெய்னும் சண்டை போடாத நாள் கிடையாது. காலையில் அவள் வந்து இந்த மேசையில் அழுவாள். மாலையில் அவர் வந்து புலம்புவார். இருவருக்கும் ஏலக்காய் ரொட்டி சுட்டுப்போட்டவள் நான். வருடக்கணக்காக. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் திடீரென்று சமாதானமாகிவிட்டார்கள். இந்த வயதில் கைகோத்து நடை வேறு. என் வீட்டுப் பக்கம் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. ஏரியைச் சுற்றிக் காரில் உல்லாசப் பயணம் போகிறார்கள் என்பதே தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புறப்படும் நாளன்று ஆர்விட் கதவைத் தட்டினார். பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பில் பிரேக் குழாய் துருப்பிடித்து, புதிது மாற்றியிருந்தார். பெடல் மெத்தென்று இறங்குகிறதாம், உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் பிரேக் பிடிக்குமாம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். லொரெய்னுக்கு முழங்கால் வலி. என் கணவர் இருந்தவரை அவருக்கு மிதித்தவள் நான். காற்று மிச்சமிருந்தால் என் கால் சொல்லிவிடும்.

“மிதி... அப்படியே பிடி. என்ன வெர்னா, தூங்கிட்டியா?” என்று கீழேயிருந்து கேலி.

கடைசிச் சக்கரமும் முடிந்தது. “இப்ப எப்பிடி? கல்லு மாதிரி இருக்கா?”

ஊறிய ரொட்டியில் கால் வைத்ததுபோல் பெடல் தரைவரை போனது. “கல்லு மாதிரிதான் இருக்கு” என்றேன்.

அவர் எழுந்து கையைத் துடைப்பதற்குள் வேகவேகமாக மிதித்துவைத்தேன். அப்படிச் செய்தால் கொஞ்ச நேரம் இறுகி நின்று ஏமாற்றும். அவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

“நீ மட்டும் இல்லன்னா என்ன பண்ணுவேனோ” என்றார்.

பெட்ரோல் போட்டு வருவதாகத் தனியாகக் கிளம்பினார். நம் தெரு ஏரிக்கரை வரை ஒரே இறக்கம், உங்களுக்கே தெரியும். லொரெய்ன் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். அவர் திரும்பி வரவில்லை.

விபத்து என்று எழுதியிருந்தீர்களே, அதை அடித்துவிடுங்கள். தெரிந்தேதான் செய்தேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் ஓய்வு, அவ்வளவுதான்.

லொரெய்ன் இப்போது தினமும் காலையில் வந்துவிடுகிறாள். அதே மேசை, அதே அழுகை. அலுப்புதான், என்ன செய்வது. அந்த நீலக் கோப்பையை மட்டும் எடுக்காதீர்கள். அவள் வரும் நேரம்.